மலைமேல் ஜெல் டேங்க்: டிஎன்ஏ பிரிப்புக் கருவிகள் ஊட்டிக் குளிரில் தேறுமா?

சின்ன லேப் ஒன்றில் டிஎன்ஏவைச் சுத்தம் செய்து பிரித்துப் பார்க்கப் பெரிய பட்டியல் தேவையில்லை. டிஎன்ஏவைச் சுத்தமாக எடுக்கச் சிலிக்கா சவ்வு வைத்த ஸ்பின் கிட், ட்யூப்களைச் சுற்ற மைக்ரோஃபியூஜ் (சின்ன சென்ட்ரிஃபியூஜ்), மின்சாரத்தால் டிஎன்ஏ துண்டுகளை நீள வாரியாகப் பிரிக்கக் கிடைமட்ட ஜெல் டேங்க், அதற்கு மின்சாரம் தரப் பவர் பேக், ஜெல்லைப் பார்க்க நீல ஒளிப் பெட்டி. கோயம்புத்தூர் சப்ளையர்கள் இவ்வளவையும் ஒரே கொட்டேஷனில் போட்டுத் தந்துவிடுவார்கள். கூடவே வரும் மேனுவல்கள் எல்லாம் 25 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதியவை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100க்கு மேல், குன்னூர் சுமார் 1,850. மார்கழி காலையில் ஊட்டி லேபுக்குள் 12 டிகிரி இருந்தாலே அதிகம். இந்த உயரத்திலும் குளிரிலும் எது அப்படியே ஓடும், எதற்குக் கூடுதல் கவனம் வேண்டும், எதை வாங்கவே வேண்டாம் என்பதுதான் இந்த மதிப்புரை. தேயிலை, உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு போன்ற இங்குள்ள மாதிரிகளை வைத்தே சொல்கிறோம்.

வாங்குமுன் ஒன்று. பவர் பேக், சென்ட்ரிஃபியூஜ், டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் மெஷின் எதுவானாலும் மேனுவலின் பின்பக்கங்களில் "பயன்பாட்டு உயரம் 2,000 மீட்டர் வரை" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். லேப் மின்கருவிகளுக்கான ஐஇசி 61010-1 பாதுகாப்புத் தரம் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எல்லை அது. காற்று மெலிந்தால் மின்காப்புக்கு வேண்டிய இடைவெளி கூடுகிறது. விசிறி தள்ளும் காற்றும் சூட்டைக் குறைவாகவே எடுத்துப் போகிறது. குன்னூர்க்காரர்களும் கோத்தகிரிக்காரர்களும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஊட்டியும் கொடைக்கானலும் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. ஆர்டர் போடும்போதே இடத்தின் உயரத்தைக் குறிப்பிட்டு, அங்கே வாரண்டி செல்லும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் வாங்கும் அரசுக் கல்லூரிகள் இதை விவரக்குறிப்பிலேயே சேர்த்துவிடுவது நல்லது. பிறகு வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

ஜெல் டேங்கிலிருந்து தொடங்கலாம். 7-க்கு 10 செ.மீ. தட்டு வைத்த மினி டேங்க் போதும். இந்த அளவில் மின்முனைகளுக்கு இடையே சுமார் 15 செ.மீ. இருக்கும், 270 முதல் 300 மி.லி. பஃபர் (மின்சாரத்தைக் கடத்தும் உப்புக் கரைசல்) பிடிக்கும். உள்நாட்டு அக்ரிலிக் டேங்குகள் வடிவத்தில் வெளிநாட்டு டேங்குகளுக்குச் சளைத்தவை அல்ல. வித்தியாசம் தெரிவது ஒட்டிலும் கம்பியிலும்தான். மலைப்பாதைக் குலுக்கலில் ஒட்டு விட்டுப்போயிருக்கலாம் என்பதால், பெட்டி வந்த அன்றே டேங்கில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சப்ளையர் "சிலிக்கோன் பூசித் தருகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்; பூசிய இடத்தில் உப்புப் படிந்து மறுபடி கசியும். டேங்கை எத்தனால் நனைத்த துணியால் துடைக்கவும் கூடாது. அக்ரிலிக்கில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடும். வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும்.

மின்முனைக் கம்பி பிளாட்டினமாக இருக்க வேண்டும். விலையைக் குறைக்க வேறு உலோகம் வைத்தால் அது ஆனோடில் (சிவப்பு நேர்முனையில்) கரையும். சிவப்பு முனைப் பக்கத்துப் பஃபர் மஞ்சளோ பழுப்போ ஆகத் தொடங்கினால், கேட்டலாகில் என்ன எழுதியிருந்தாலும் அது பிளாட்டினம் இல்லை. புது டேங்கைச் சோதிக்க வெறும் பஃபர் ஊற்றி 100 வோல்ட் கொடுத்துக் குமிழிகளைக் கவனியுங்கள். கறுப்பு முனையில் ஹைட்ரஜன், சிவப்பு முனையில் ஆக்ஸிஜன். கறுப்பில் ஏறத்தாழ இரு மடங்கு வரவேண்டும். கம்பியின் முழு நீளத்துக்கும் சீராக வரவேண்டும். ஓரிடத்துக்கு அப்பால் குமிழியே இல்லை என்றால் கம்பி அங்கே அறுந்திருக்கிறது. அந்த நிலையில் ஜெல் ஓட்டினால் பேண்டுகள் (ஜெல்லில் டிஎன்ஏ தெரியும் கோடுகள்) ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். நீங்கள் ஜெல் செய்யும் அகரோஸ் பொடியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அகரோஸ் உருக்குவதில்தான் ஊட்டி தன் வேலையைக் காட்டும். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சாதாரண அகரோஸ் உருகும் வெப்பமும் 90 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கீழே ஒரு நிமிடக் கொதிப்பில் கரைவது, இங்கே பொங்கிக்கொண்டே கரையாமல் நிற்கும். ஃபிளாஸ்க்கைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடித் துகள் போல மணிகள் மிதக்கும். அப்படியே ஊற்றினால் பேண்டில் கீறல் விழும், 2 சதவீத ஜெல்லில் அதிகமாகவே தெரியும். தீர்வு எளிது. பொடியைக் குளிர்ந்த பஃபரில் தூவிக் கலக்கி 10, 15 நிமிடம் ஊறவிடுங்கள். ஃபிளாஸ்க்கை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவில் குறைந்த பவரில் விட்டுவிட்டுச் சூடாக்கி, மணிகள் மறைந்த பிறகும் ஒரு நிமிடம் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கடைசியில் மறுபடி எடை பார்த்து, ஆவியாகிப்போன அளவுக்கு வெந்நீர் சேர்த்துச் சரிக்கட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் 1.5 சதவீதம் என்று நினைத்தது 1.8 ஆகி, முந்தைய ஜெல்லோடு ஒப்பிடவே முடியாமல் போகும்.

7-க்கு 10 தட்டில் அரை செ.மீ. கனத்துக்கு 35 மி.லி. வேண்டும். 1 சதவீதத்துக்கு 0.35 கிராம், 2 சதவீதத்துக்கு 0.7 கிராம் அகரோஸ். 60 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள், ஆனால் தட்டு ஜில்லென்று இருக்கக் கூடாது. 10 டிகிரித் தட்டில் விழுந்த அகரோஸ் அடியில் உடனே உறைந்து, மேலே திரவமாக நின்று, இரண்டு அடுக்காகிவிடும். தட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டித் துடைத்துவிட்டு, ரசமட்டம் பார்த்து ஊற்றினால் பிரச்சினை இல்லை. உறைய 20 நிமிடம் போதும். வெல்களை (சாம்பிள் போடும் குழிகளை) உருவாக்கும் சீப்பை எடுக்குமுன் மேலே கொஞ்சம் பஃபர் ஊற்றிக்கொண்டு நேராகத் தூக்குங்கள். குளிரில் ஜெல் விறைப்பாக இருப்பதால் சாய்த்து இழுத்தால் வெல்லின் அடி கிழிந்துவிடும்; கிழிந்த வெல்லில் போட்ட சாம்பிள் ஜெல்லுக்கு அடியில் ஓடிப்போகும்.

வோல்ட்டேஜ் கணக்கை ஜெல்லின் நீளத்துக்குப் போடுவது பரவலான பிழை. மின்முனைகளுக்கு இடையேயான தூரத்துக்குத்தான் போட வேண்டும். செ.மீ.க்கு 5 வோல்ட் என்றால் 15 செ.மீ. டேங்குக்கு 75 வோல்ட். குளிர்ந்த பஃபரின் பாகுநிலை அதிகம். 28 டிகிரியோடு ஒப்பிட்டால் 12 டிகிரியில் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பிசுபிசுப்பு. எனவே கீழே 45 நிமிடத்தில் முடியும் ஓட்டம் இங்கே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். புரோட்டோகாலில் போட்டிருக்கும் நிமிடத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள், சாம்பிளோடு சேர்த்த சாயம் எங்கே நிற்கிறது என்று பார்த்து நிறுத்துங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. சமவெளியில் சூடேறிப் பேண்டுகள் புன்னகை வடிவில் வளையும் தொல்லை இங்கே குறைவு. செ.மீ.க்கு 7, 8 வோல்ட் வரை ஏற்றினாலும் ஜெல் தாங்குகிறது. பேண்டுகள் கத்தி வெட்டினாற்போல் நிற்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் மலை லேபுக்குத்தான் அதிர்ஷ்டம்.

நீலகிரியில் மினி டேங்கைச் சோதித்துப் பார்க்க ஏற்ற மாதிரி உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு. 1961-இல் இந்த மலையில் கண்டறியப்பட்டது முதல் விவசாயிகளையும் முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தையும் விடாமல் துரத்தும் புழு இது. குளோபோடெரா ரோஸ்டோகியென்சிஸ், குளோபோடெரா பாலிடா என இரண்டு இனங்களும் இங்கே உண்டு. பரவலாகப் பயன்படும் பிசிஆர் முறையில் முதல் இனத்துக்கு 434 பேஸ் ஜோடி (டிஎன்ஏ நீளத்தின் அலகு), இரண்டாவதற்கு 265 பேஸ் ஜோடி பேண்ட் வரும். 1.5 முதல் 2 சதவீத ஜெல்லில் மினி டேங்க் இதைத் தெளிவாகப் பிரித்துக்காட்டுகிறது. அளவை ஒப்பிட, நீளம் தெரிந்த துண்டுகள் கொண்ட 100 பேஸ் ஜோடி லேடர் போடுங்கள். ப்ரோமோஃபீனால் ப்ளூ சாயம் ஜெல்லில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் போனதும் நிறுத்தலாம். சாயம் சிவப்பு முனையருகே மஞ்சளாக மாறினால் பஃபர் தீர்ந்துவிட்டது, அமிலமாகிவிட்டது என்று பொருள். டேங்கில் ஊற்றும் 1 எக்ஸ் (நேரடியாகப் பயன்படுத்தும் அடர்த்தி) டிஏஇ பஃபரை இரண்டு மூன்று முறைக்கு மேல் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் இரு பக்கப் பஃபரையும் ஒன்றாகக் கலக்கிவிட்டால் ஆயுள் கொஞ்சம் கூடும்.

பிசிஆர் பற்றிப் போகிறபோக்கில் ஒன்று. 95 டிகிரி என்பது ஊட்டியில் கொதிநிலைக்கு மேலே. மூடி சரியாக அமராத மலிவு ட்யூப்களில் 25 மைக்ரோலிட்டர் போட்டால், மெஷினின் சூடான லிட் இருந்தும் ஆவியாகிக் குறைந்துவிடலாம். ட்யூப்பில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்து ஸ்பின் கிட். அளவுகோலாக கியாஜெனின் டிஎன்ஈஸி பிளாண்ட் மினியை எடுத்துக்கொள்ளலாம்; உள்நாட்டுக் கிட்களும் இதே வழியில்தான் போகின்றன. பச்சை இலை 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, உலர்ந்தது என்றால் 20. 400 மைக்ரோலிட்டர் லைசிஸ் (செல்லை உடைக்கும்) பஃபர், ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் 4 மைக்ரோலிட்டர், 65 டிகிரியில் 10 நிமிடம். பிறகு புரதத்தைப் படியவைக்கும் பி3 பஃபர் 130 மைக்ரோலிட்டர் சேர்த்து 5 நிமிடம் ஐஸில். வடிகட்டி, குவானிடின் உப்பும் எத்தனாலும் கொண்ட பஃபரில் கலந்து, சிலிக்கா குழலில் ஏற்றி, கழுவி, கடைசியில் டிஎன்ஏவை இறக்குவது. குவானிடின் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டுகிறது. உப்புக் குறைந்த பஃபர் வந்ததும் விட்டுவிடுகிறது. வேதியியல் எங்கும் ஒன்றுதான். மலையில் கெடுவது வெப்பம்.

எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகைப் பொருள் கொண்ட லைசிஸ் பஃபர்கள் 20 டிகிரிக்குக் கீழே வெள்ளையாகப் படியும். இங்கே பாட்டிலைத் திறந்தாலே அடியில் பனிபோல் நிற்கும். அது கெட்டுப்போனதல்ல. 37 முதல் 60 டிகிரிக்குள் சூடாக்கி, தெளியும்வரை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். படிவோடு மேல்திரவத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால் செல் உடையாது, டிஎன்ஏ பாதிகூட வராது. கிட் இல்லாமல் சிடிஏபி (இன்னொரு சோப்பு வகைப் பொருள்) முறையில் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை. சிடிஏபி 15 டிகிரிக்குக் கீழே படிந்துவிடும். 65 டிகிரியில் இருந்து எடுத்த ட்யூப்பைக் குளிர்ந்த ரோட்டரில் வைத்தால் டிஎன்ஏவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உறையும். ரோட்டரைக் கொஞ்ச நேரம் வெறுமனே சுற்றவிட்டுச் சூடேற்றிய பிறகு வையுங்கள்.

தேயிலை தனி ரகம். பாலிஃபீனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்வதால் சாறு பழுப்பாகும், சவ்வும் பழுப்பாகும், இறக்கிய டிஎன்ஏ பிசிஆருக்கு ஒத்துழைக்காது. எந்த சிலிக்கா கிட் ஆனாலும் லைசிஸ் பஃபரில் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 1 முதல் 2 சதவீதமும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் 1 சதவீதம் அளவுக்கும் சேர்த்தே தொடங்குங்கள். முற்றிய இலையை விட்டுக் கொழுந்து எடுங்கள், அதுவும் 50, 60 மில்லிகிராம் போதும். கூட எடுத்தால் கூட வரும் என்பது இங்கே நடக்காது, குழல் அடைத்துக்கொள்ளும். மலைப்பூண்டில் பாலிஃபீனால் அவ்வளவு தொல்லை இல்லை, ஆனால் சர்க்கரைப் பொருள்கள் சாற்றைக் கோழையாக்கும். பூண்டுப் பல்லை விட்டுவிட்டு இளம் தாளிலிருந்து எடுப்பது உத்தமம். திரவ நைட்ரஜன் மேலே எளிதில் கிடைப்பதில்லை, பெரும்பாலும் கோவையிலிருந்து வர வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் சிலிக்கா ஜெல்லில் இலையை உலர்த்தி, எஃகு மணி போட்டு அரைத்தால் காரியம் ஆகும். ஆனால் மூடுபனிக் காலத்தில் சிலிக்கா ஜெல் சீக்கிரம் ஈரம் குடித்துவிடும். நிறம் மாறும் ரகத்தையே வாங்குங்கள்.

கழுவும் பஃபரில் எத்தனால் இருக்கிறது. குளிரிலும் ஈரத்திலும் அது ஆவியாக மறுக்கும். மேனுவல் சொல்லும் வெற்றுச் சுற்று முடிந்த பிறகும் குழலைப் புது ட்யூப்புக்கு மாற்றி, மூடியைத் திறந்து, 50 டிகிரி டிரை பாத்தில் (தண்ணீர் இல்லாமல் ட்யூப்பைச் சூடாக்கும் கருவி) 3 நிமிடம் வைத்து எடுங்கள். எத்தனால் மிஞ்சினால் எப்படித் தெரியும் என்றால், ஜெல்லில் ஏற்றும்போது சாம்பிள் வெல்லில் உட்காராமல் மேலே மிதந்து போகும். இறக்கும் பஃபரை 65 டிகிரிக்குச் சூடாக்குவது பலருக்கும் தெரியும். ஆனால் 50 மைக்ரோலிட்டர் சூடு ஜில்லென்ற குழலில் விழுந்த நொடியே ஆறிவிடுகிறது. குழலையும் சூடாக வைத்து, பஃபரைச் சவ்வின் நடுவில் விட்டு, 5 நிமிடம் பொறுத்துச் சுற்றுங்கள். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவில் 260/280 விகிதம் 1.8-ஐ ஒட்டி இருந்தும் 260/230 மட்டும் 1-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் குவானிடின் மிச்சம். கழுவுதலை ஒரு முறை கூட்டுங்கள். கழிவில் குவானிடின் இருப்பதால் பிளீச்சிங் பவுடரோ பிளீச்சோ அதில் ஊற்றக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

பாட்டில்களைத் திறக்கும்போதும் நிதானம் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டியில் உப்பி நிற்பதைப் போல, கீழே மூடி வந்த குளோரோஃபார்ம் பாட்டிலுக்குள்ளும் அழுத்தம் ஏறியிருக்கும். ஃபியூம் ஹூடுக்குள் வைத்து மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

மைக்ரோஃபியூஜில் ஏமாற்றும் எண் ஆர்பிஎம். "13,000 ஆர்பிஎம்" என்று பெரிதாக எழுதி, ரோட்டர் ஆரத்தைச் சொல்லாமல் விடுவார்கள். ட்யூப்பில் விழும் விசையைப் புவியீர்ப்பின் மடங்காகச் சொல்லும் ஜி அளவுக்குக் கணக்கு இதுதான்: 0.00001118 பெருக்கல் ஆரம் செ.மீ.யில் பெருக்கல் ஆர்பிஎம் வர்க்கம். ஆரம் 8.4 என்றால் 13,000-இல் சுமார் 15,900 ஜி. ஆரம் 6 என்றால் அதே வேகத்தில் 11,300தான். மேற்சொன்ன கிட்டின் கடைசிக் கழுவல் 20,000 ஜி கேட்கிறது. அதற்கு 8 செ.மீ. ரோட்டர் 15,000 சுற்ற வேண்டும். 6,000 ஆர்பிஎம் குட்டி ஸ்பின்னரில் 2,000 ஜி தாண்டாது, அது மூடியில் ஒட்டிய துளியை இறக்கத்தான். ஆக, 24 ட்யூப், பிரஷ் இல்லாத மோட்டார், ஆரம் எழுதிய ரோட்டர். குளிரூட்டும் வசதி வேண்டாம்; இந்த வேலைக்கு அறைக்குளிரே போதும், காசு மிச்சம். வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ரோட்டர் குழியில் வியர்த்துத் துருப்பிடிக்கும்.

குழல்களைச் சுற்றாமல் வெற்றிடத்தால் உறிஞ்சி வடிக்கும் வேக்யூம் மேனிஃபோல்டு ஊட்டிக்கு வேண்டாம். பல கிட்கள் 800 மில்லிபார் வெற்றிடம் கேட்கும். இங்கே முழு வளிமண்டல அழுத்தமே 770 மில்லிபாரை ஒட்டித்தான். எவ்வளவு விலையுயர்ந்த பம்ப் வைத்தாலும் மீட்டர் அந்த எண்ணைத் தொடாது, பம்ப் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கும் இதே கதை: 15 பிஎஸ்ஐ காட்டும்போது உள்ளே 117 டிகிரிதான், 121 வேண்டுமென்றால் மீட்டரில் 18.5 வரவேண்டும். அந்த அழுத்தத்துக்கு உங்கள் ஆட்டோகிளேவின் சேஃப்டி வால்வு இடம் கொடுக்குமா என்று முதலில் பாருங்கள். கொடுக்காவிட்டால் அழுத்தத்தை ஏற்றாமல் நேரத்தைக் கூட்டுங்கள்.

டிஎன்ஏ ஒட்டும் காந்த மணிகளைப் பிடித்துவைக்கும் ஸ்டாண்டு, சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்தல்) செய்பவர்களுக்கு மட்டும். மணிக் கரைசலில் பிஇஜி என்ற பிசுபிசுப்பான பாலிமர் இருப்பதால் குளிரில் தேன்போல் இழுக்கும், பைப்பெட் அளவு தவறும், மணிகள் காந்தத்தில் சேர இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஐந்தாறு ஆகும். 25 டிகிரிக்குக் கொண்டுவந்து பயன்படுத்தினால் குறையில்லை.

நீல ஒளிப் பெட்டி 470 நானோமீட்டர் எல்இடியும் ஆரஞ்சு ஃபில்டரும் கொண்டது. டிஎன்ஏவை ஒளிரச் செய்யும் சைபர் சேஃப் வகைச் சாயங்களுக்குப் பொருத்தம். எத்திடியம் புரோமைடு போட்ட ஜெல்லை இதில் வைத்தால் மங்கல்தான் தெரியும், அதற்கு 302 நானோமீட்டர் புற ஊதா வேண்டும். புதிதாகத் தொடங்கும் லேப் நீல ஒளியோடு போகட்டும். கண்ணுக்கும் கைக்கும் நல்லது, வெட்டியெடுக்கும் பேண்டும் சேதமாகாது. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பது இங்கே பெரிய செலவு, உலர்த்தி வைத்த பெட்டிக்குள் வையுங்கள்.

பவர் பேக்கில் 300 வோல்ட், 400 மில்லிஆம்ப், 75 வாட் ரகம் தாராளம். மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தானே தொடரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத மாடலில், நீங்கள் டீ குடித்து வரும் நேரத்தில் கரண்ட் போய் வந்திருக்கும், பேண்டுகள் ஜெல்லிலேயே பரவி மங்கியிருக்கும். சில சின்னப் பேக்குகள் டிஏஇ போன்ற இன்னொரு பஃபரான டிபிஇ 0.5 எக்ஸில் (பாதி அடர்த்தி), குளிர்ந்திருக்கும்போது கரண்ட் குறைவாக ஓடுவதைப் பார்த்து "லோடு இல்லை" என்று அலறி நின்றுவிடும். பஃபரை 20 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றினாலோ டிஏஇக்கு மாறினாலோ ஓடும். வாங்குமுன் குளிர்ந்த பஃபரில் ஓட்டிக்காட்டச் சொல்வது உத்தமம்.

சர்வீஸ் கீழிருந்துதான் வரவேண்டும்: ஊட்டிக்குக் கோவையிலிருந்து, கொடைக்கானலுக்கு மதுரை அல்லது திண்டுக்கல்லிலிருந்து. மழையில் மண் சரிந்தால் வண்டி வராது. மின்முனைத் தொகுதி ஒரு செட், 4 மி.மீ. லீடு இரண்டு, பவர் பேக் ஃபியூஸ், ஒரு கூடுதல் சீப்பு ஆகியவற்றை முதல் ஆர்டரிலேயே சேர்த்து வாங்கி, ஜூன் பிறக்குமுன் அலமாரியில் வைத்துவிடுங்கள்.